கத்தியில் படியும் கறுப்பு



வாழைப்பூவை அரிந்து முடித்ததும் கத்தியின் அலகைப் பார்த்திருப்பீர்கள். கறுத்துப் போயிருக்கும். உடனே சாம்பலும் தேசிக்காயும் கொண்டு தேய்க்கிறோம். அழுக்கு என்று எண்ணித்தான் தேய்க்கிறோம். ஆனால் அது அழுக்கல்ல. பூவின் துவர்ப்பும் கத்தியின் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய படலம் அது.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் தாய் ஒருவர், வெள்ளவத்தையில் நான் நடத்தும் வகுப்புக்குத் தன் மகனை அழைத்து வருபவர், ஒரு நாள் கவலையோடு பேசினார். வீட்டில் இருந்த பழைய உழ்ஹிய்யாக் கத்தியை மகன் வினாகிரியில் ஊற வைத்திருக்கிறான். அலகில் நீரலை போன்ற கோலம் வர வேண்டுமாம். வினாகிரியில் அது வராததால், இப்போது அமிலம் வாங்கித் தரும்படி நச்சரிக்கிறானாம். "இது என்ன வேலை மௌலவி? கத்தியைக் கண்டாலே எனக்குப் பயமாக இருக்கு" என்றார்.

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் ஏனைய இடங்களிலும் அப்பாவிகள் கொல்லப்பட்ட கொடுமையை அந்தப் பகுதி மக்கள் கண் முன்னே கண்டவர்கள். அடுத்த மாதம் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் கேட்டனர். அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு இருந்தது. என்றாலும், சமையலறைக் கத்தியைக்கூட ஒளித்து வைக்கலாமா என்று கலங்கிய வீடுகள் எத்தனை! எனவே அந்தத் தாயிடம், "பிள்ளையை ஏசாதீர்கள், என்னிடம் அனுப்புங்கள்" என்றேன். அவனிடம் சொன்னவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் தீவின் உருக்கு

அவன் ஆசைப்பட்ட கோலம் திமிஷ்க் வாள்களின் கோலம். டமஸ்கஸ் உருக்கு என்று உலகம் புகழ்வது அதைத்தான். அந்த உருக்கில் ஒரு பகுதி நம் நாட்டிலிருந்து போனது என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா?

பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ பகுதியில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களைத் தொல்லியல் அறிஞர் கில் ஜுலெப் கண்டறிந்தார். மலைச்சரிவில் காற்றுக்கு முகங்கொடுத்து அமைந்த அந்த உலைகள் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. அதே முறையில் உலை கட்டி, உருக்கியும் பார்த்தார். உயர்ந்த கரிமம் உள்ள உருக்கு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இந்த ஆய்வு வெளியானது.

அதே காலத்தில், 9ஆம் நூற்றாண்டு பக்தாதில், அறிஞர் அல்கிந்தி கலீபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஸரன்தீப், அதாவது நமது இலங்கையின் உருக்கையும் குறிப்பிடுகிறார்.

அல்லாஹ் தன் திருமறையில் ஓர் அத்தியாயத்துக்கே இரும்பின் பெயரை வைத்திருக்கிறான். தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும் கூறுகிறான். ஆகவே இரும்பை அறிய விரும்பும் பிள்ளையின் ஆசை தவறானதல்ல. வழிதான் சரியாக இருக்க வேண்டும்.

அமிலம் செய்வது என்ன?

அந்த வாள்களின் உருக்கில் மிகக் கடினமான நுண்துகள்கள் வரிவரியாக அமைந்திருக்கும். மெருகேற்றிய அலகில் அமிலக் கரைசலைப் பூசினால், மென்மையான பகுதி அரித்துக் கறுக்கும். கடினமான பகுதி வெண்மையாகவே நிற்கும். கோலம் தெரியும். அப்படியானால் அமிலம் கோலத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிறது. சாதாரணக் கத்தியில் எத்தனை அமிலம் ஊற்றினாலும் அந்த நீரலை வராது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'டமஸ்கஸ்' கத்திகள் சிலவற்றில் கோலம் மேற்பரப்பில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். ஏமாந்துவிட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது

கறல் பிடிக்கும் பழைய இரும்புக் கத்திக்கு வினாகிரியால் ஒரு கறுப்புப் படலம் ஏற்றலாம். கத்தியைச் சவர்க்காரமிட்டு எண்ணெய்ப்பசை போகக் கழுவித் துடையுங்கள். இளஞ்சூடான வினாகிரியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, அலகை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்துங்கள். எடுத்துக் கழுவி, கையில் ஒட்டும் கரியைத் துடைத்து, மீண்டும் இரண்டொரு முறை செய்யுங்கள். இறுதியில் அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவுங்கள். விளிம்பைச் சாணைக்கல்லில் மறுபடி தீட்ட வேண்டும். இந்தப் படலம் செங்கறல் ஏறுவதைத் தாமதப்படுத்தும், முற்றாகத் தடுக்காது. இரவு முழுவதும் ஊற விட்டால் அலகு குழிவிழும். கறல் பிடிக்காத சில்வர் கத்தி வினாகிரியில் கறுக்காது. அதில் கலந்துள்ள குரோமியமே காரணம்.

செய்யக் கூடாதவை

கழிவறை கழுவும் அமிலத்தைக் கத்திக்குப் பயன்படுத்த வேண்டாம். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. உடை வெளுக்கும் குளோரின் திரவத்தோடு வினாகிரியையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். உண்டாகும் நச்சுவாயு, கதவடைத்த சிறிய குளியலறையில் உயிரையே பறிக்கும். உப்புநீரில் பற்றரியை இணைத்துச் சில்வர் கத்தியில் எழுத்துப் பொறிப்பதும் வேண்டாம். அந்த நீரில் நஞ்சான குரோமியம் கலக்கும்.

அலகில் பெயர் எழுத விரும்புவோர், எழுத்துத் தவிர்ந்த இடத்தை நகப்பூச்சால் மறைப்பார்கள். வுழூவின் நீரை நகத்தில் படாமல் தடுக்கும் அதே பூச்சு அமிலத்தையும் தடுக்கிறது! பெயர் எழுதினாலும் அல்லாஹ்வின் திருநாமத்தையோ இறைவசனத்தையோ இறைச்சி வெட்டும் கத்தியில் எழுதக் கூடாது. அது கண்ணியக் குறைவு.

உழ்ஹிய்யாக் கத்திக்கு அழகு எது?

அறுக்கும் பிராணிக்கு நோவினை குறைய, கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அலகு கறுப்பா வெள்ளையா, கோலமுள்ளதா இல்லாததா என்பது அங்கே கேள்வியே அல்ல. கூர்மைதான் கேள்வி. பிராணியின் கண் முன்னே தீட்டாதிருப்பதும் நாம் பேண வேண்டிய ஒழுக்கம்.

அந்தப் பிள்ளை அமிலக் கனவை விட்டுவிட்டான். உம்மாவின் மேற்பார்வையில், ஜன்னலைத் திறந்து வைத்து, பழைய கத்திக்கு வினாகிரியால் படலம் ஏற்றித் தீட்டியும் கொடுத்தான். அந்தத் தாய் இப்போது அதை ஒளித்து வைப்பதில்லை. துணியில் சுற்றி, சிறுவர் கைக்கெட்டாத தட்டில் வைத்திருக்கிறார்.

சகோதரிகளே, பிள்ளை ஏதாவதொன்றைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் பயந்து விரட்டாதீர்கள். விரட்டினால் ஒளித்துச் செய்வான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் இருந்து கேளுங்கள், தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவைத் தருவானாக. நம் இல்லங்களையும் இந்நாட்டின் எல்லா இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.