இருமொழிக் குழந்தைகளிடம் வாசிப்புக் குறைபாட்டை இனங்காணல்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிறது. பள்ளியில் ஆங்கில வழியில் பயில்கிறது. மூன்றாம் வகுப்பை எட்டிய பின்னும் பாடநூலின் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க அதனால் இயலவில்லை. வீட்டில் ஆங்கிலம் புழங்காமையே காரணம் என ஆசிரியர் கருதுகிறார். சோம்பல் என்கின்றனர் பெற்றோர். இவ்விரு விளக்கங்களுமே தவறாக இருக்கலாம். குழந்தைக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருக்கக்கூடும். அன்றி, குறைபாடு எதுவும் இல்லாத குழந்தைக்கு ஆங்கிலம் போதாமையைக் கண்டு, குறைபாடு உடையது என முத்திரை குத்தவும் வாய்ப்பு உண்டு. முதல் பிழையில் உதவி தேவைப்படும் குழந்தை கைவிடப்படுகிறது. இரண்டாம் பிழையில் நலமுள்ள குழந்தை நோயாளி ஆக்கப்படுகிறது. பன்மொழிச் சூழலே இயல்பாக உள்ள இந்தியாவில் இவ்விரு பிழைகளையும் தவிர்ப்பது எவ்வாறு என்பது மொழியியலாரும் விடை காணவேண்டிய வினா.

டிஸ்லெக்சியா என்னும் சொல்லை 1887-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் அறிமுகப்படுத்தினார். அறிவுக்கூர்மை மிக்க 14 வயதுச் சிறுவன் ஒருவன் படிக்க மட்டும் இயலாதிருந்ததை 1896-இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மார்கன் பதிவு செய்தார். அன்று அது 'பிறவிச் சொற்குருடு' எனப்பட்டது. கண்ணில் குறை என்ற எண்ணம் பின்னர் கைவிடப்பட்டது. பேச்சொலிகளைப் பகுத்துணர்ந்து எழுத்தோடு விரைவாக இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடே இதன் அடிப்படை என்பது இன்று பெரும்பான்மை ஆய்வாளர் ஏற்கும் கருத்து. எழுத்துகளைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி எழுதுவதே இதன் அடையாளம் என்ற பொதுமக்கள் நம்பிக்கை, 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்தித் திரைப்படத்துக்குப் பின் மேலும் வேரூன்றியது. ஆனால் எழுதத் தொடங்கும் குழந்தைகள் பலரும் சிறிது காலம் அவ்வாறு எழுதுவர். அதனை மட்டும் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது.

குறைபாட்டின் வேர் ஒன்றாயினும் அது வெளிப்படும் முறை மொழிக்கு மொழி மாறும். இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசிப்பாளர்களை ஒப்பிட்டு 2001-இல் பவுலேசுவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, குறைபாடு உடையோரின் மூளைச் செயற்பாடு மூன்று மொழிகளிலும் ஒத்திருப்பதையும், இத்தாலியர் வாசிப்பில் ஏனையோரைவிடக் குறைவாகவே பிழை செய்வதையும் காட்டியது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு ஒழுங்காக அமைந்த ஜெர்மன் மொழியில், குறைபாடுடைய குழந்தை பெரும்பாலும் சரியாகவே படிக்கும், ஆனால் மிக மெதுவாகப் படிக்கும் என்று ஹைன்ஸ் விம்மர் 1993-இல் எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் பிழையாகப் புலப்படுவது இத்தகைய மொழிகளில் வேகக்குறைவாகப் புலப்படுகிறது. ஆங்கில நூல்களிலிருந்து பெயர்த்தெடுத்த அளவுகோல் பிழைகளை மட்டும் எண்ணுமாயின், இக்குழந்தை வலைக்குள் சிக்காமல் போய்விடும்.

ஒரே குழந்தையிடத்தும் இவ்வேறுபாடு தோன்றலாம். ஆங்கிலம் பேசும் பெற்றோருக்குப் பிறந்து ஜப்பானில் வளர்ந்த இளைஞர் ஒருவர் ஜப்பானிய மொழியைத் தம் வயதினருக்குக் குறையாமல் படித்தார். ஆங்கிலத்திலோ கடுமையான இடர்ப்பாடு கொண்டிருந்தார். வைடெல், பட்டர்வொர்த் ஆகியோர் 1999-இல் இதனை விளக்கினர். ஒரு மொழியில் நன்றாகப் படிக்கும் குழந்தைக்குக் குறைபாடே இல்லை என்று முடிவு கட்டுவது சரியன்று என்பதற்கு இது தக்க சான்று.

இனி இந்திய வரிவடிவங்களின் தன்மையை நோக்கலாம். தமிழில் 247 எழுத்துகள் எனினும் கற்கும் குழந்தை இவற்றைத் தனித்தனியே மனனம் செய்வதில்லை. மெய்யோடு உயிர்க்குறி சேரும் முறையை உணர்ந்துகொள்கிறது. இம்முறையில் சில சிக்கல்கள் உள்ளன. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் கொம்பு முன்னே எழுதப்பட்டு உயிரோ பின்னே ஒலிக்கிறது. 'கொ' என்பதில் குறி மெய்யின் இருபுறமும் அமைகிறது. வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இடத்திற்கேற்ப ஒலி மாறும்: 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. ஆயினும் இம்மாற்றம் விதிக்கு உட்பட்டது. ஆங்கிலத்தின் தாறுமாறான எழுத்துக்கூட்டலோடு இதனை ஒப்பிட இயலாது.

இந்திய எழுத்துமுறை அசையை அடிப்படையாகக் கொண்டது என்பதால் வேறொரு விளைவும் உண்டு. 'கண்' என்னும் சொல்லில் முதல் ஒலியை நீக்கிச் சொல் என்றால், தமிழ் மட்டும் பயின்ற குழந்தை 'அண்' என்னாது. 'ண்' என்றே கூறும். அதன் மனத்தில் 'க' பிரிக்க முடியாத ஓர் அலகு. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நிகழ்த்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அசையுணர்வு முந்தியும் ஒலியனுணர்வு மிகத் தாமதமாகவும் வளர்வதையும், அட்சரங்களைக் கற்று முடிக்க நான்காம் வகுப்பு வரையிலும் செல்வதையும் தெரிவிக்கிறது. ஆங்கில நாடுகளில் ஐந்தாறு வயதிலேயே நன்கு தெரிந்தெடுக்கும் ஒலியன் நீக்கச் சோதனையை அப்படியே இங்குப் பயன்படுத்தினால், நலமுள்ள குழந்தைகள் பலர் குறைபாடுடையோர் ஆவர். சோதனை பிழையன்று, சோதிக்கப்படும் எழுத்துமுறைதான் வேறு.

எழுத்துப் பிழைகளை எடையிடுவதிலும் மொழியறிவு வேண்டும். ழகர ளகர மயக்கம், றகர ரகர மயக்கம், னகர ணகர மயக்கம் ஆகியவை குழந்தையின் நோட்டில் நிறைந்திருந்தால் ஆசிரியர் கவலையுறுகிறார். ஆனால் குழந்தையின் வீட்டு வழக்கில் 'பழம்', 'பள்ளம்' இரண்டிலும் ளகரமே ஒலிக்குமாயின், எழுத்தில் வேறுபாட்டைக் காட்டாமை பேச்சை உள்ளவாறே எழுதியதன் விளைவு. அதுபோலவே 'வந்தார்கள்' எனும் அச்சுச் சொல்லை 'வந்தாங்க' என்று படிப்பது தமிழின் இரட்டை வழக்கினால் நேர்வது. பொருளை உணர்ந்து படித்ததற்கே அது சான்று. இவற்றினும் கருத்துக்கு உரியவை வேறு. 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றும், 'கோடு' என்பதைக் 'கொடு' என்றும் எழுதுதல், புள்ளியைத் தொடர்ந்து விடுதல், கொம்பும் காலும் இடம் மாறுதல் ஆகியவை, பேச்சில் தெளிவாக வேறுபடும் ஒலிகளை எழுத்தோடு பொருத்த இயலாமையைக் காட்டுகின்றன. அப்பிழைகள் போதிய பயிற்சிக்குப் பின்னும் நீடித்தால் விரிவாக ஆராய வேண்டும்.

மொழிப் பற்றாக்குறையையும் வாசிப்புக் குறைபாட்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. குழந்தை படிக்கத் திணறும் பத்தியை ஆசிரியரே உரக்கப் படித்து வினாக் கேட்க வேண்டும். ஆங்கிலப் பத்தியைக் கேட்டும் குழந்தைக்குப் பொருள் புரியவில்லை எனில் அதற்கு ஆங்கிலமே போதவில்லை எனலாம். கேட்டால் தெளிவாகப் புரிந்து, படித்தால் மட்டும் தடுமாறினால் ஐயம் வாசிப்பின்மேல் விழுகிறது. இதனைத் தமிழிலும் செய்து பார்ப்பது இன்றியமையாதது. ஆனால் எச்சரிக்கை ஒன்று: தமிழ் எழுத்தே கற்பிக்கப்படாத குழந்தையின் தமிழ் வாசிப்பைச் சோதிப்பது பயனற்றது. அத்தகைய குழந்தைக்குச் சில எழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் சில வாரங்கள் முறையாகக் கற்பித்து, கற்கும் வேகத்தை நோக்குவதே தகும். பேசத் தொடங்கியதில் தாமதம், குடும்பத்தில் பிறருக்கும் இக்குறை, நிறங்களின் பெயர்களையும் எண்களையும் வரிசையாக விரைந்து சொல்வதில் தயக்கம் ஆகியவையும் கேட்டறியத் தக்கன. அன்றாட உரையாடலில் சரளமாகப் பேசும் குழந்தையைக் கண்டு மொழித்திறன் நிறைந்துவிட்டது என்று கொள்வதும் தவறு. இரண்டாண்டுகளில் பேச்சு கைவரினும் பாடமொழி கைவர ஐந்து முதல் ஏழாண்டுகள் ஆகும் என்பது ஜிம் கம்மின்ஸின் கருத்து.

சட்டமும் கருவிகளும் சற்றே முன்னேறியுள்ளன. மாற்றுத்திறனாளிகள் குறித்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சேர்த்தது. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட 'டாலி' என்னும் சோதனைத் தொகுதி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைந்தது. குழந்தையை அதன் மொழிகள் அனைத்திலும் அளக்க வேண்டும் என்னும் கொள்கை அதில் செயல்வடிவம் பெற்றது. அத்தொகுதியில் தமிழ் இல்லாமை பெங்களூர், மும்பை போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு இழப்பே.

சலுகைகளைப் பற்றியும் ஒரு சொல். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இக்குழந்தைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும், இரண்டு மொழிகளுக்கு மாற்றாக ஒன்றை மட்டும் பயிலும் வாய்ப்பும் வழங்குகிறது. நல்லெண்ணத்தில் விளைந்த இச்சலுகையை நடைமுறையில் பெறுவோர் கைவிடுவது எந்த மொழியை? ஆங்கில வழிப் பள்ளியில் ஆங்கிலத்தை விட இயலாது. ஆகவே வீட்டு மொழியே விடப்படுகிறது. எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தி, குழந்தை ஓரளவேனும் நம்பிக்கையோடு படிக்கக்கூடிய மொழி நீங்கி, அதற்கு மிகக் கடினமான எழுத்துக்கூட்டல் உடைய மொழி மட்டும் எஞ்சுகிறது. எந்த மொழியில் வாசிப்பு எளிதாக வருகிறது என்பதைச் சோதித்தறியாமல் இம்முடிவு எடுக்கப்படுமாயின், பாட்டியின் கடிதத்தைப் படிக்கும் வாய்ப்பும் அக்குழந்தைக்கு இல்லாது போகும்.