நாடி நின்றது... இதயம்?

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிப் படிகளில் ஏறினால் நெஞ்சு படபடவென அடிக்கும். அதை நம் விருப்பப்படி நிறுத்த முடியுமா?

'முடியும்' என்றனர் சில யோகிகள். எலியின் மூளையில் பசியைத் தூண்டும் இடத்தை 1951ல் பிரோபெக்குடன் கண்டறிந்தவர், பி.கே.ஆனந்த். பின்னர் டில்லி எய்ம்சில் உடலியல் பேராசிரியரான அவர், அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பாக்சியுடன் சேர்ந்து யோகிகளைச் சோதித்தார். மூச்சடக்கி, தசைகளை இறுக்கியதும் மணிக்கட்டில் நாடி மறைந்தது. இ.சி.ஜி. கருவியோ, இதயம் துடிப்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது! ஆனால், ஒருவரால் துடிப்பை மெதுவாக்க முடிந்தது. முடிவுகள் 1961ல் வெளியாயின.

உடலின் அளவுகளைத் திரையில் பார்த்தபடியே அதை அமைதிப்படுத்தப் பழகுவதற்கு 'பயோபீட்பேக்' என்று பெயர்.

தேர்வு பயமா? மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணுங்கள். ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து விட்டு, மறுபடி எண்ணுங்கள். குறைந்ததா?