மைக்ரோ ஜீனியஸ் எங்கே பிறந்தது?

இத்தொடரில் இதுவரை பேசப்பட்ட விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் தம்மை ஆக்கியவரின் பெயரை முகப்பிலேயே தாங்கியவை. இந்த இதழுக்குரிய கருவியோ, மலேசியாவில் ஒரு தலைமுறைக்கே நன்கு அறிமுகமாகியிருந்தும், தன் பிறப்பைப் பற்றி வெளியே அதிகம் சொல்லாதது. 1980களின் இறுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் 'டிவி கேம்' என்று சொன்னால் அது பெரும்பாலும் 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெட்டியையே குறித்தது. பிரிக்பீல்ட்ஸிலும் தெங்கு கிளானா சாலையை ஒட்டிய வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு நிண்டெண்டோ என்ற பெயர் தெரிவதற்கு முன்பே இந்தப் பெயர் தெரிந்திருந்தது. ஆயினும் அந்தப் பெட்டிக்குள் ஓடியது நிண்டெண்டோவின் வடிவமைப்பே.

ஜப்பானின் கியோத்தோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம், மசாயுகி உவெமுரா தலைமையில் உருவாக்கிய 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கருவியை 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளியிட்டது. பேச்சு வழக்கில் அது 'ஃபேமிகாம்' எனச் சுருங்கியது. அதன் உயிர்நாடி இரண்டு சில்லுகள். ஒன்று, 1975இல் அமெரிக்காவின் மோஸ் டெக்னாலஜி நிறுவனம் மலிவு விலையில் தந்த 6502 என்ற நுண்செயலியின் உட்கருவைக் கொண்டு ரிக்கோ நிறுவனம் வார்த்தது. கணக்கிடுவதோடு ஒலியை எழுப்புவதும் இதன் வேலை. மற்றொன்று, திரையில் படத்தைக் கோடு கோடாக வரைவது. விளையாட்டின் நிரலோ 60 முனைகள் கொண்ட தனிப் பலகையில் பதிந்து, நம்மவர் 'கேசட்' என்றே அழைத்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டு வந்தது. 1985இல் அமெரிக்கச் சந்தைக்குப் போன வடிவத்தில், அனுமதி பெறாத கேசட்டை இயங்கவிடாமல் தடுக்கும் பூட்டுச் சில்லு ஒன்று சேர்க்கப்பட்டது. ஜப்பானிய ஃபேமிகாமில் அத்தகைய பூட்டு எதுவும் இல்லை. பின்னால் நிகழ்ந்த எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைத்தது இந்த ஒரு வேறுபாடுதான்.

பூட்டு இல்லை என்பதால் மட்டும் ஜப்பானியக் கருவி மலேசிய வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே அப்போது 240 வோல்ட்; அந்நாட்டுத் தொலைக்காட்சி 'என்.டி.எஸ்.சி.' முறையில் வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்க, மலேசியா பின்பற்றிய 'பி.ஏ.எல்.' முறை 50 முறை மட்டுமே புதுப்பித்தது. அக்கால விளையாட்டு நிரல்கள் காலத்தைக் கணக்கிட்டதே இந்தப் புதுப்பிப்புகளை எண்ணித்தான் என்பதால், புதுப்பிக்கும் வேகம் மாறினால் நிரலின் கணக்கும் மாறும். ஒரு படம் வரைந்து முடிந்து அடுத்த படம் தொடங்குவதற்கு இடையில் கிடைக்கும் மிகச் சிறிய இடைவெளிக்குள்தான் அடுத்த காட்சிக்கான தரவுகளை மாற்றியாக வேண்டும். அந்த இடைவெளியின் அளவை நம்பியே ஜப்பானிய நிரலாளர்கள் ஒவ்வொரு வரியையும் எழுதியிருந்தனர்.

இந்தச் சிக்கலுக்கு விடை தைவானின் சின்ச்சு அறிவியல் பூங்காவிலிருந்து வந்தது. 1980இல் தொடங்கப்பட்ட யுனைடெட் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், ஃபேமிகாமின் இரு சில்லுகளுக்கும் ஈடான யூஏ6527, யூஏ6528 என்பவற்றை வார்த்தது. பின்னர் வினாடிக்கு 50 முறை புதுப்பிக்கும் நாடுகளுக்கென யூஏ6527பி, யூஏ6538 என்ற இணையையும் உருவாக்கியது. இந்த இரண்டாம் இணையைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஐரோப்பாவுக்காக நிண்டெண்டோ தானே செய்த மாற்றத்தில் நுண்செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்குக் குறைந்தது, ஒரு கோடு வரையும் நேரத்தில் செயலி செய்யக்கூடிய வேலையின் அளவும் அதனால் மாறியது. தைவான் பொறியாளர்களோ வேகத்தை 1.77 என்ற அளவில் வைத்து, ஒரு கோட்டுக்கான வேலையளவை ஜப்பானியக் கருவியில் இருந்தபடியே காத்தனர். படத்துக்கு 262 கோடுகள் என்பது 312 ஆக உயர்ந்தபோது மிகுந்த 50 கோடுகளை இடைவெளி தொடங்குவதாக நிரலுக்கு அறிவிக்கும் குறிப்புக்கு முன்னால் தள்ளிவைத்ததால், ஜப்பானில் கிடைத்த அதே அளவு இடைவெளி இங்கும் கிடைத்தது. ஜப்பானுக்கென எழுதப்பட்ட கேசட், எவரும் திருத்தாமலேயே மலேசியத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் பிழையின்றி ஓடியதற்குக் காரணம் இதுவே. இதை வெறும் நகல் என்று ஒதுக்கிவிடுவது அந்தப் பொறியாளர்களின் உழைப்புக்குச் செய்யும் அநீதி. உரிமை பெறாமல் செய்யப்பட்டது என்பது உண்மை. மூலக் கருவியை ஆழ்ந்து கற்றவர்களால் மட்டுமே செய்யக்கூடியது என்பதும் அதே அளவு உண்மை.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைக்க முடியவில்லை. வினாடிக்கு 60 என்பது 50 ஆனதால் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாயிற்று. ஒலியை எழுப்பும் செயலியின் வேகமோ ஏறத்தாழ அப்படியே நின்றது. ஆகவே ஒசாகாவில் ஒரு சிறுவன் கேட்ட இசையும் கிள்ளானில் ஒரு சிறுமி கேட்ட இசையும் சுருதியில் ஒன்றாகவும் காலப்பிரமாணத்தில் வேறாகவும் இருந்தன. போதாக்குறைக்கு, இச்சில்லுகள் பலவற்றில் ஒலியலையின் இரு வடிவங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறிப் பதிந்திருந்ததால் நாதத்தின் நிறமும் மாறியது. ஒரு கருவி எந்த மரபைச் சேர்ந்தது என்பதை அதைத் திறக்காமலேயே காதால் அறிய உதவும் சான்று இது.

இச்சில்லுகளைக் கொண்டு 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டிகளைத் தயாரித்தது தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம். 1992 டிசம்பரில் ரஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரிலும், போலந்தில் 'பெகாசஸ்' என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தவை இதே குடும்பத்தின் பெட்டிகளே.

பெட்டியின் அடிப்புறத் திருகாணிகளைக் கழற்றி, மேல்மூடியை எடுத்தால் பச்சைப் பலகையில் நாற்பது கால்களுடன் கிடக்கும் இரண்டு நீண்ட கறுப்புச் சில்லுகள் கண்ணில் படும். அவற்றின் முதுகில் எண்ணுக்குக் கீழே நான்கு இலக்கங்கள் அச்சாகியிருப்பது வழக்கம். '9027' என்றிருந்தால் 1990ஆம் ஆண்டின் 27ஆம் வாரம் என்று பொருள். அட்டைப்பெட்டியும் இரசீதும் தொலைந்துபோன கருவிக்கு இதுவே பிறப்புச் சான்றிதழ். சுற்றிலும் தாங்கி நிற்கும் '74' வரிசைச் சிறு சில்லுகளையும் கவனிக்காமல் விடலாகாது. அவை உலகமெங்கும் எல்லாவகை மின்னணுப் பலகைகளிலும் இடம்பெறும் பொதுச் சரக்கு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1970களில் உலு கிள்ளான் தடையற்ற வணிக வளாகத்தில் ஆலை அமைத்ததிலிருந்து, அத்தகைய சில்லுகளில் 'மலேசியா' என்ற சொல் அச்சாகி நாடு நாடாகப் போயிருக்கிறது. அவற்றைக் கூட்டுக்குள் பொருத்திச் சோதித்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். டிவி கேமின் வரலாற்றில் கிள்ளான் பள்ளத்தாக்கை வாங்குவோரின் இடமாக மட்டுமே எழுதுவோர் இவர்களின் கைகளை மறந்துவிடுகின்றனர். பிற்காலப் பெட்டிகளில் இரு சில்லுகளும் ஒன்றாகி, எண்ணோ நாளோ இல்லாத கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் மறைந்ததால், அவற்றின் ஊரைக் கண்டறிவது இன்று மிகக் கடினம்.

கேசட்டுகளின் கதை இதனினும் சிக்கலானது. ஒரே கேசட்டில் 64 ஆட்டங்கள், 150 ஆட்டங்கள் என விற்கப்பட்டவற்றில் ஃபேமிகாமின் தொடக்ககால ஆட்டங்களே மிகுந்திருந்ததற்குக் காரணம் அளவு: அவை நிரலும் படமும் சேர்த்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கின, நாம்கோவின் 'கேலக்சியன்' ஆட்டத்துக்கு நிரல் 8 கிலோபைட் மட்டுமே. பட்டியலில் எண்ணிக்கையை உயர்த்த, ஒரே ஆட்டத்தை வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கச் செய்து புதுப்பெயர் சூட்டினர். அமெரிக்காவில் அக்கருவிக்கென வெளியாகாத நாம்கோவின் 1985ஆம் ஆண்டு 'பேட்டில் சிட்டி' என்ற பீரங்கி வண்டி ஆட்டம் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது இத்தகைய கேசட்டுகளால்தான்.

இந்த நகல்கள் இழைத்த பெருங்கேடு பெயரழிப்பு. 1987 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் காத்தது. ஆயினும் பல நகல்களில் முகப்புத் திரையிலிருந்த நிறுவனப் பெயரும் ஆண்டும் நீக்கப்பட்டன. 'லோட் ரன்னர்' ஆட்டத்தை 1983இல் படைத்தவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் டக்ளஸ் ஸ்மித் என்பதும், அதை அடுத்த ஆண்டு ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது சப்போரோ நகரின் ஹட்சன் நிறுவனம் என்பதும், 'பலூன் ஃபைட்' நிரலை எழுதிய சத்தோரு இவாட்டாதான் 2002இல் நிண்டெண்டோவின் தலைவரானவர் என்பதும் இங்கே ஆடியவர்களுக்குத் தெரிய வழியில்லாமற்போனது. ஒரு தலைமுறை மனமாரக் கொண்டாடிய படைப்பாளிகளின் பெயரை அத்தலைமுறையே அறியாமல் போனது பெரும் இழப்பு.

பெயரை அழித்தவர்களும் முழுமையாக அழிக்கவில்லை. முகப்பில் வரும் எழுத்துகள் சிறுசிறு கட்டப் படங்களாகக் கேசட்டிலுள்ள படச் சில்லில் தனியே பதிந்திருப்பவை. எந்தக் கட்டம் எங்கே வரவேண்டும் என்ற குறிப்பு வேறிடத்தில் இருக்கும். சில நகல்களில் குறிப்பு மட்டுமே வெறுமையாக்கப்பட்டது. அத்தகைய கேசட்டின் உள்ளடக்கத்தைக் கணினிக்கு மாற்றி, படக் கட்டங்களை வரிசையாக விரித்துப் பார்த்தால், பீரங்கிகளுக்கும் செங்கற்களுக்கும் நடுவே, முப்பது ஆண்டுகளாகத் திரைக்கு அழைக்கப்படாத அந்த எழுத்துகள் இன்னும் இருக்கின்றன.