மெல்லிய துணியில் சுருங்கும் தையல்: குறை கையிலா, மெசினிலா?

அடம்பன் பக்கத்தில் வீட்டிலிருந்தே தைத்துப் பிழைக்கும் சகோதரி ஒருவர், புதுநன்மை எடுக்கவிருந்த பிள்ளைக்கு வெள்ளைச் சற்றினில் ஒரு கவுண் தைத்துக் கொடுக்க ஏற்றுக்கொண்டார். இரவு பத்து மணிவரை இருந்து தைத்து, கசங்காமல் கொடியில் தொங்கவிட்டுப் படுத்தார். முடித்தபோது தையல் நேராகத்தான் இருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு பக்கத் தையலும் நீளத்துக்குச் சுருங்கி அலை அலையாக நின்றன. ஸ்திரிக்கை போட்டார். கொஞ்ச நேரம் சரியாக இருந்து, மீண்டும் சுருங்கியது.

"என்ர கை சரியில்லை அக்கா. மிதி மெசினில தைச்ச காலத்தில எனக்கு இப்படி வந்ததே இல்லை. இந்த ஜூக்கியை வித்துப்போட்டு வேற வேலை பாக்கப் போறன்" என்றார், நாம் போனபோது.

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல் ஊர் அடம்பன். 2007, 2008 ஆம் ஆண்டுகளின் போரில் இந்தச் சுற்றுவட்டார மக்கள் இடம்பெயர்ந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று அலைந்து, 2009இல் செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்து, பின்னரே ஊர் திரும்பினார்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலருக்கு, வயல் வேலை இல்லாத மாதங்களில் தையல்தான் கை கொடுக்கிறது. உதவியாகவோ கடனுக்கோ கிடைத்த ஒரு மெசினை, காரணம் தெரியாத ஒரு சுருக்கத்துக்காக விற்றுவிடலாமா? அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறோம்.

மிதி மெசினுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மிதி மெசின் நிமிடத்துக்குச் சில நூறு தையல் போடும். தொழிற்சாலை மெசின் 4000, 5000 வரை போடக்கூடியது. அந்த வேகத்தில் நூல் இழுபடுவதும் கூட, துணி தள்ளப்படுவதும் கூட. பழைய மெசின் கைக்கு வரும்போது, அதற்கு முன் அதில் என்ன துணி தைத்தார்களோ அதற்கேற்பத்தான் திருகிகள் முறுக்கியிருக்கும். ஜீன்ஸ் தைத்த மெசினில் சற்றினை வைத்தால் சுருங்காமல் என்ன செய்யும்? ஆகவே குறை உங்கள் கையில் இருப்பதைவிட, மெசின் தடித்த துணிக்கு அமைக்கப்பட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

திருகியைத் தொடுமுன் ஒரு பரிசோதனை

தைக்கப்போகும் அதே துணியில் ஒரு முழ நீளத் துண்டுகள் இரண்டு வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே இடங்களில், இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பென்சிலால் குறியுங்கள். வழக்கம்போலத் தைத்து, ஸ்திரிக்கை போடாமல் மேசையில் விரித்துப் பாருங்கள்.

மேல் துணிக் கோடும் கீழ்த் துணிக் கோடும் போகப் போக விலகி, கடைசியில் ஒரு துணி நீண்டு நின்றால், மெசின் இரண்டு துணியையும் ஒரே அளவில் தள்ளவில்லை. அடியில் உள்ள பற்கள் கீழ்த் துணியை முன்னே கொண்டுபோக, மேலே அழுத்தும் பாதம் மேல் துணியைப் பிடித்து வைக்கிறது.

கோடுகள் நேராக இருந்தும் சுருக்கம் இருந்தால், துணி வெட்டுப்படாமல் தையல் நூலை மட்டும் மேலும் கீழும் நாலைந்து இடத்தில் கத்தரித்து விடுங்கள். துணி உடனே தட்டையாகக் கிடந்தால் நூலின் இறுக்கம்தான் காரணம்.

நூலை வெட்டியும் சுருக்கம் போகவில்லையா? நெருக்கமாக நெய்த மெல்லிய துணியில் ஊசியும் நூலும் இடம்பிடிக்க, துணியின் இழைகள் ஒதுங்க இடமில்லாமல் நெளிகின்றன.

தைத்தபோதும் மறுநாளும் நன்றாக இருந்து, கழுவிய பிறகு சுருங்கினால், துணியோ நூலோ தண்ணீரில் சுருங்கியிருக்கிறது.

நூல் இறுக்கமாக இருந்தால்

பொலியெஸ்ரர் நூல் இழுபட்டு நீளும். நீண்ட நிலையிலேயே தைபட்டு, பிறகு மெல்ல மெல்லத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். அப்போது துணியையும் கூட இழுத்துக்கொள்ளும். இரவில் நேராக இருந்த தையல் விடியச் சுருங்கிய காரணம் இதுதான்.

முதலில் பொபின் கேஸைக் கழற்றி, அதன் தகட்டுக்கு அடியிலும் மேல்நூல் போகும் வட்டத் தகடுகளுக்கு இடையிலும் உள்ள தூசியையும் பஞ்சையும் துடையுங்கள். எங்கள் பக்கத்து மணற்காற்றுக்கு இது அடிக்கடி வேண்டும். பிறகு பொபின் கேஸை நூல் நுனியில் தொங்கவிட்டு இலேசாக ஒரு உதறு உதறுங்கள். இரண்டு விரலளவு இறங்கி நின்றால் சரி. அசையாமல் நின்றால் இறுக்கம். ஓடிக் கீழே விழுந்தால் தளர்வு. சின்னத் திருகியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பவேண்டாம். கீழ்நூலைத் தளர்த்திய பின், மேல்நூலையும் அதற்கேற்பத் தளர்த்தி, இரு பக்கமும் தையல் ஒரே மாதிரித் தெரிகிறதா என்று பாருங்கள்.

பொபினில் நூல் சுற்றும்போதே அது இழுபடக்கூடாது. பாய்ந்து சுற்றாமல் நிதானமாகச் சுற்றுங்கள். விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம்.

துணி ஒன்றுபோல் நகராவிட்டால்

மெசின் தலையின் மேலே, பாதத்தை அழுத்தும் திருகி இருக்கிறது. பூட்டு நட்டைத் தளர்த்தி, அந்தத் திருகியை இடப்பக்கமாகச் சிறிது சிறிதாகத் திருப்பினால் அழுத்தம் குறையும். துணி தடுமாறித் தையல் வளையத் தொடங்கினால் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அறிந்து, கொஞ்சம் இறுக்குங்கள். இரும்புப் பாதத்துக்குப் பதிலாக வழுக்கும் வெள்ளை ரெப்லோன் பாதம் போட்டால் மேல் துணி தடைப்படாது. மெல்லிய துணிக்குச் சின்னப் பற்களும், ஊசி இறங்கும் துளை சிறிதாக உள்ள தகடும் உண்டு. துளை பெரிதானால் ஊசியோடு துணியும் உள்ளே இறங்கும். பற்களின் உயரத்தை மாற்றுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

காசு செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து, பிறகு மெதுவாகக் கிழித்து எடுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். துணியை முன்னும் பின்னும் இலேசாக நேர்ப்படுத்திப் பிடித்தால் போதும். பின்னால் இழுத்தால் ஊசி வளையும்.

இழைகள் நெளிந்தால்

ஊசியையும் நூலையும் மெல்லியதாக்க வேண்டும். தடித்த துணிக்கு 14, 16 எண் ஊசி என்றால், சற்றினுக்கும் வொயிலுக்கும் 9 அல்லது 11 போதும். முனை மழுங்கிய ஊசியை உடனே மாற்றுங்கள். நூலுக்கோ எண் மறுபக்கம்: லேபிளில் எண் கூடக் கூட நூல் மெல்லிசு. 120க்குப் பதில் 160 அல்லது 180 வாங்குங்கள். நெருங்கிய தையலும் சுருக்கத்தைக் கூட்டும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் அளவில் வைத்துப் பாருங்கள்.

நெய்த துணியில் நீளவாக்குத் தையல்தான் கூடச் சுருங்கும். வடிவம் இடம் கொடுத்தால், வெட்டும்போது தையல் வரும் ஓரத்தைச் சற்றே சரிவாக்குங்கள். கரைப்பட்டியை வெட்டி நீக்கிவிடுங்கள்.

கழுவிய பின் சுருங்கினால்

பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து, நிழலில் உலர்த்தி, ஸ்திரிக்கை போடுங்கள். பருத்தி நூலும் தண்ணீரில் சுருங்கும். அதற்குப் பதிலாக மெல்லிய பொலியெஸ்ரர் நூல் நல்லது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மூன்று திருகியை ஒன்றாகத் திருப்பினால் எது நோயைத் தீர்த்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, துண்டுத் துணியில் தைத்து, மறுநாள் காலை வரை விட்டுப் பாருங்கள். சரிவந்த துண்டை ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் ஊசி எண், நூல் எண், எந்தத் திருகி எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை பள்ளிச் சீருடைத் துணி வந்தால் பழைய நிலைக்குத் திருப்பவும் அது உதவும்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே திருகியைத் தொடும் பொறுப்பு உங்களுடையதல்ல. ஆனால் கோடு விலகிய துண்டையோ நூல் வெட்டிய துண்டையோ மெக்கானிக்கிடம் காட்டி, "இது பாதத்து அழுத்தம்", "இது நூல் இறுக்கம்" என்று சொல்லலாம். ஏச்சு வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கவேண்டியதில்லை.

ஜூக்கி நிறுவனத்துக்கும் ஒரு போர்க் கதை உண்டு. 1938இல் தோக்கியோவில் அது தொடங்கப்பட்டது துப்பாக்கி செய்வதற்காக. 1945இல் போர் முடிந்த பின்னரே தையல் மெசினுக்கு மாறியது.

அடம்பன் சகோதரியின் கவுணுக்கு வருவோம். துண்டுத் துணியில் நூலை வெட்டியதும் துணி தட்டையாகக் கிடந்தது. பொபின் கேஸ் தகட்டுக்கு அடியில் பஞ்சு அடைத்திருந்தது. ஊசி 16. கவுணின் தையலைப் பிரித்தால் சற்றினில் ஊசித் துளை தெரியும் என்று அவர் பயந்தார். பழைய கோட்டுக்கு ஒரு நூலளவு உட்பக்கமாகப் புதுத் தையல் போட்டு, அதன் பிறகு பழையதைப் பிரித்தோம். துளைகள் தையல் விளிம்புக்குள் மறைந்துவிட்டன. மறுநாள் விடிய அவர் முதலில் போய்ப் பார்த்தது கொடியில் தொங்கிய கவுணைத்தான். தையல் போட்டபடியே நேராக இருந்தது.

மெசினை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது. இப்போது அந்த மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி கிடக்கிறது.