மனத்தளர்வும் ஊன்றுகோலும்

ஆணவமலம் உயிரின் அறிவு இச்சை செயல்களை மறைக்குமேயன்றி அழிக்கமாட்டாது; செம்பிற் களிம்புபோல என்க. ஆதலின், மனந்தளர்ந்தார் தாம் ஒன்றற்கும் உதவார் எனத் துணிதல், மறைவை இழப்பாகக் கொண்ட மயக்கமாம். அதனையே அடிமைத்திறம் என்பாரும் உளர். பணிவு வேறு, சோர்வு வேறு.

இது சுந்தரர் சரிதத்தால் இனிது விளங்கும். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்து இருகண்ணும் இழந்த நம்பிகள், எல்லையிலே திகைத்து மயங்கினாரேனும், வழிகாட்டுவார் துணையுடன் திருவாரூர் நோக்கி நடந்தனர். திருவெண்பாக்கத்திற் பெருமானைக் கோயிலுள் உளீரோ என வினவியபோது கிடைத்தவை ஓர் ஊன்றுகோலும், உள்ளோம் போகுக என்னுஞ் சிறு விடையுமே. (அப்பழம்பதி இன்று பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துளது, கோயில் அயலே பெயர்த்தமைக்கப்பட்டது.) வேண்டிய கண் வரவில்லை, கோலே வந்தது. அதனை ஊன்றியே காஞ்சி புக்கு, ஆண்டு இடக்கண் பெற்றனர்.

வழிநெடுகப் பதிகம் பாடுதலை அவர் விட்டிலர். அவற்றுள் முறையீடும் உண்டு, தோழமை உரிமையால் எழுந்த பூசலும் உண்டு. துன்புற்றார் வாய்திறந்து முறையிடுதலைச் சைவம் குற்றமெனக் கொள்ளாமை ஈண்டு நோக்கற்பாலது. ஒரு கண் பெற்றபின்னும் உடற்பிணி வருத்திற்று. திருத்துருத்தியில் நீராடிய பின்னரே அது நீங்கிற்று. வலக்கண் ஆரூரை அடைந்த பின்னரே கிடைத்தது.