விலாங்குகளின் முன்வரிசை: விலைக்கு வாங்குவதா, வளர்த்தெடுப்பதா?

சிட்னி மாநகரின் மேற்கே பரமட்டாவில் ஒரு வழக்கு பல்லாண்டுகளாகத் தீர்ப்பின்றி நடந்து வருகிறது. அதற்கு நீதிமன்றமும் இல்லை, நீதிபதியும் இல்லை. தொடருந்து மேடையிலும் தொழிற்சாலை உணவு இடைவேளையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் அது விசாரிக்கப்படுகிறது. பரமட்டா றக்பி லீக் கழகம் தன் முன்வரிசை வீரர்களை விலைக்கு வாங்க வேண்டுமா, வளர்த்தெடுக்க வேண்டுமா என்பதே வழக்கு.

இதில் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வெஸ்ற்மீட், வென்வேர்த்வில், பென்டில் ஹில், ருன்காபி ஆகிய ஊர்களில் நம்மவர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். மேஸ் ஹில் முருகன் ஆலயத்திலிருந்து கழகத்தின் விளையாட்டரங்கம் வெகுதொலைவில் இல்லை. கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் சுமந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று நீலமும் பொன்னிறமும் கொண்ட மேலாடையை அணிந்து பள்ளி நண்பரோடு வாதிடுகின்றனர். அவர்கள் எதைப் பற்றி வாதிடுகின்றனர் என்பதை நாமும் அறிந்துகொள்வது நன்று.

றக்பி லீக்கில் அணிக்குப் பதின்மூவர். அவர்களுள் அறுவர் முன்வரிசையினர், எழுவர் பின்வரிசையினர். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்படுவதற்குள் எதிரணியின் கோட்டைக் கடக்க முயலவேண்டும். இயலாவிடில் பந்து கைமாறும். சடுகுடு ஆடி வளர்ந்தவர்களுக்கு இதன் உடல்வலி எளிதில் விளங்கும். நிமிர்ந்து நிற்கும் மதிலின் மீது மோதி ஐந்து, பத்து மீற்றர் நிலம் பெற்றுத் தருபவர்கள் முன்வரிசையினர். ஒரே ஆட்டத்தில் முப்பது, நாற்பது முறை எதிரியை மடக்கி வீழ்த்துபவர்களும் அவர்களே. அவர்கள் பெற்றுத் தந்த நிலத்தில் ஓடிப் புள்ளி பெறுபவர் பெரும்பாலும் பின்வரிசையினர். புகைப்படமும் அவர்களுக்கே. ஆகவே முன்வரிசையின் மதிப்பை அளப்பது கடினம். அளப்பது கடினமாக இருப்பதாற்றான் வாதமும் ஓய்வதில்லை.

பரமட்டா என்ற பெயருக்கு, அம்மண்ணின் ஆதிக்குடிகளான டாருக் மக்களின் மொழியில், விலாங்குகள் கூடும் இடம் என்று பொருள் கூறுவர். 1947 இல் போட்டித் தொடரில் சேர்ந்த கழகமும் விலாங்கையே சின்னமாகக் கொண்டது. பயிற்றுநர் ஜக் கிப்சனின் கீழ் 1981, 1982, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வாகை சூடியது. நான்காவது வெற்றி 1986 இல் கிட்டியது. கன்ரபெரிக்கு எதிரான அந்த இறுதிப்போட்டியில் எவருமே கோட்டைக் கடந்து பந்தை வைக்கவில்லை; உதைகளால் மட்டுமே பரமட்டா 4-2 என வென்றது. அது முழுக்க முழுக்க முன்வரிசையினரின் வெற்றி. ஓயாத உழைப்புக்குப் பேர்போன றே பிரைஸ் அந்த ஆட்டத்தோடு ஓய்வுபெற்றார். அதன்பின் 2025 பருவம் முடியும்வரை கிண்ணம் பரமட்டாவுக்குத் திரும்பவில்லை.

வறட்சியைப் போக்கப் பணம் உதவுமா என்பதற்குக் கழகத்தின் வரலாற்றிலேயே பாடம் உண்டு. சுப்பர் லீக் என்ற போட்டி அமைப்பு தலையெடுத்து வீரர்களின் விலை விண்ணைத் தொட்ட காலம் அது. 1995 இல் வாகை சூடிய கன்ரபெரியிலிருந்து டீன் பே, ஜிம் டைமொக், ஜேசன் ஸ்மித், ஜரட் மக்கிரக்கன் ஆகிய நால்வரையும் 1996 பருவத்துக்குப் பரமட்டா கொண்டுவந்தது. அவ்வாண்டும் அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. 1997 இல்தான், பதினொரு ஆண்டுகளின் பின், அந்த வாயில் திறந்தது. 1998 இல் இறுதிப்போட்டிக்கு முந்திய ஆட்டத்தில் எதிர்ப்பட்டது அதே கன்ரபெரி. 18-2 என முன்னணியில் இருந்த பரமட்டா, கடைசி நிமிடங்களில் நிலைகுலைந்து, மேலதிக நேரத்தில் 32-20 எனத் தோற்றது. வாங்கிய வீரர்கள் திறமையற்றவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பெயர்ப்பட்டியல் ஓர் அணியாகிவிடாது என்பதை அந்த மாலை உணர்த்தியது.

பணத்துக்கு எல்லையும் உண்டு. ஒவ்வொரு கழகமும் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளது. அதை மீறியமைக்காக 2016 இல் பரமட்டாவிடமிருந்து பன்னிரண்டு புள்ளிகள் பறிக்கப்பட்டன. பத்து இலட்சம் டொலர் அபராதமும் விதிக்கப்பட்டது. நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்துக் குரல் கம்மக் கத்திய ஆதரவாளருக்கு அது எத்தகைய அவமானம்!

இந்த வழக்கின் மிகக் கசப்பான சாட்சியம் 2022 ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு பரமட்டா இறுதிப்போட்டி வரை சென்று பென்றித்திடம் 28-12 எனத் தோற்றது. ஐசாயா பாப்பாலீ, மராட்டா நியுகோரே, றீட் மஹோனி ஆகிய மூன்று முன்வரிசை வீரர்களும் அடுத்த பருவத்துக்கு வேறு கழகங்களோடு முன்னரே ஒப்பந்தமாகிவிட்டு அந்த ஆட்டத்தை ஆடினர். ஒப்பந்தத்தின் இறுதியாண்டு தொடங்குமுன்பே, நவம்பர் முதலாம் நாளிலிருந்து, பிற கழகங்களோடு பேசலாம் என்பது விதி. அவர்கள்மீது குற்றமில்லை. உடலை மூலதனமாக்கி உழைப்பவனின் தொழிற்காலம் குறுகியது. நல்ல ஊதியம் தேடுவது அவன் உரிமை. மஹோனியின் இடத்துக்குக் கன்பராவிலிருந்து ஜொஷ் ஹொட்சன் அழைத்துவரப்பட்டார். முப்பத்து மூன்று வயதான அவருடைய விளையாட்டு வாழ்வு கழுத்துக் காயத்தால் 2023 இலேயே முடிந்தது. அவ்வாண்டு பரமட்டா பத்தாம் இடம். 2024 இல் பதினைந்தாம் இடம். பயிற்றுநர் பிரட் ஆதர் 2024 மே மாதத்தில் நீக்கப்பட்டார்.

கழகத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வெற்றி பெறும் அணியில் ஒவ்வொருவரின் விலையும் உயர்கிறது; உச்சவரம்போ அதே வேகத்தில் உயர்வதில்லை. எல்லோரையும் வைத்திருக்க எவராலும் இயலாது. வாங்குவது எல்லாமே வீணும் அல்ல. பென்றித்தில் முதலணி வாய்ப்பு அரிதாகவே கிட்டிய ஜமெய்ன் ஹொப்குட் 2023 இல் பரமட்டாவுக்கு வந்து முதற்பருவத்திலேயே அயராத உழைப்பால் பெயர் பெற்றார். பரமட்டாவில் 2013 இல் அறிமுகமான ஜூனியர் போலோ 2016 இல் கன்பராவுக்குப் போனார். 2019 இல் திரும்பிவந்தார். வளர்த்த பிள்ளையையே மீண்டும் விலை கொடுத்து அழைக்க நேர்ந்தது.

நமது கருத்து இதுதான். வாங்குவதா வளர்ப்பதா என்ற கேள்வியே பாதிக் கேள்வி. யாரைப் போகவிடக் கூடாது என்பதே மறுபாதி. முன்வரிசை என்பது ஆறு தனிமனிதர் அல்லர். களைப்பின் உச்சத்தில் பக்கத்தில் நிற்பவன் எத்திசையில் நகர்வான் என்பதைப் பாராமலே அறிந்த ஆறு பேர். அந்த அறிவு பல பருவங்கள் சேர்ந்து ஆடியே வரும், சந்தையில் கிடைப்பதன்று. புகழ்மிக்க புதுப்பெயர் ஒன்றுக்காக அத்தகைய அறுவரில் இருவரை இழக்கும் கழகம், கூரையை அழகுபடுத்தத் தூணை விற்றதற்கு ஒப்பாகும்.

ஆதரவாளர்களுக்கும் இதில் பங்குண்டு. பருவத் தொடக்கத்தில் பெரிய பெயர் வேண்டுமென்று கூச்சலிட்டுவிட்டு, பருவ முடிவில் முன்வரிசை இளைத்துவிட்டதென்று புலம்புவது முறையன்று. பந்தோடு ஓடுபவனுக்குக் கைதட்டும் கைகள், நிலத்திலிருந்து முப்பதாவது முறையாக எழுந்து வரிசைக்குத் திரும்புபவனுக்கும் தட்டப்படட்டும். கழகங்கள் அரங்கத்தின் ஓசையைக் கேட்டே பணப்பையைத் திறக்கின்றன.