குளிசை எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மெரிலேண்ட்ஸில் எங்களோடு வேலைக்குப் போகிறவர்கள் சிலரின் பைக்குள் சோற்றுப் பெட்டியோடு குளிசைப் போத்தல்களும் இருக்கின்றன. மீனெண்ணெய், விற்றமின்கள், 'மூளைக்கு நல்லது' என்று விற்கப்படுபவை. நித்திரை இல்லை, மறதி, சின்ன விஷயத்துக்கும் கோபம். நாட்டில் பட்டதை வைத்தியரிடம் சொல்ல வெட்கம். ஆகவே போத்தல் வாங்குகிறோம்.

இவை முழு ஏமாற்று அல்ல. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஆயிரக்கணக்கான பிரித்தானிய, அவுஸ்திரேலியப் படையினர் சாங்கியில் சிறைப்பட்டனர். தீட்டிய வெள்ளை அரிசியே முக்கிய உணவு. சிலருக்கு வாந்தி, கண் ஆட்டம், பின்னர் நினைவுத் தடுமாற்றம். டி வார்டனர், லெனொக்ஸ் என்ற வைத்தியர்கள் பி-1 விற்றமின் குறைவே காரணம் என்று கண்டு அதைக் கொடுத்தார்கள். கிடைத்தவர்களிற் பலர் தேறினார்கள். 52 பேரின் விபரம் 1947இல் வெளியானது. நாம் ஊரில் சாப்பிட்ட புழுங்கலரிசியில் இச்சத்துத் தங்கி நிற்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உடலில் குறைந்திருந்ததைக் கொடுத்தபடியால்தான் அது வேலை செய்தது. குறையாத சத்தை விழுங்கினால் காசுதான் குறையும்.

எங்களில் ஒருவர் சைவச் சாப்பாட்டுக்காரர். இரத்தப் பரிசோதனையில் பி-12 குறைவு தெரிந்தது. ஊசி போட்டபின் களைப்பும் மறதியும் குறைந்தன. ஷெல் விழும் கனவு மட்டும் நிற்கவில்லை. அதற்குக் கதைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஆகவே முதலில் குடும்ப வைத்தியரிடம் போய் பி-12, இரும்பு, விற்றமின் டி பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். இரவு வேலை செய்து பகலில் உறங்குகிறவர்கள் வெயிலைக் காண்பதே அரிது. எடுக்கும் போத்தல்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை வைத்தியர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் அது ஆபத்து. கருத்தடைக் குளிசையின் பலனையும் குறைக்கும். வைத்தியர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

யுத்தத்தாலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்ட அகதிகளுக்கென்றே 1988 முதல் நியூ சவுத் வேல்ஸில் 'ஸ்டார்ட்ஸ்' நிலையம் இயங்குகிறது. கட்டணம் இல்லை. சொல்வதை இரகசியமாக வைத்திருப்பார்கள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் 131 450.

அந்தச் சைவக்காரர் மூன்று மாதம் யோசித்துத்தான் போனார். இப்போது எங்களில் இருவரைத் தன் காரிலேயே கூட்டிப் போகிறார்.